முப்பதாயிரமா, ஒன்றரை லட்சமா: கடலோரக் காரின் பெயின்ட் கணக்கு

காருக்கு முழு பெயின்ட் அடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டால் காரைக்கால் மாவட்டக் கீழவாஞ்சூரிலிருந்து நாகப்பட்டினம் வரை எந்தப் பட்டறையிலும் அரை நிமிஷத்தில் பதில் வந்துவிடும். பட்டறைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், பானட்டை இரண்டு தட்டுத் தட்டுவார், “சின்ன வண்டிதானே சார், முப்பது ஆகும்” என்பார். அதே வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் கதவு, ஃபெண்டர், பம்பர் என்று பேனல் பேனலாக எண்ணி ஐம்பது அறுபதாயிரத்துக்குக் கணினியில் ஒரு தாளை எடுத்துக் கொடுப்பார்கள். பெருநகரத்தில் கஸ்டம் பெயின்ட் செய்கிற ஸ்டுடியோக்காரரிடம் போனால் பேச்சே ஒன்றரை லட்சத்தில்தான் தொடங்கும். கார் ஒன்றுதான், தகடும் அதே தகடுதான். ஒன்றுக்கு ஐந்து மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

பேராசையிலிருந்து வருகிறது என்று சொல்லி முடித்துவிடலாம், அது சோம்பேறித்தனம். மூன்று தொகைக்கும் பின்னால் ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் சொல்லப்படுகிற வடிவத்தில் மூன்றுமே எஸ்டிமேட் அல்ல என்பது என் கட்சி. முதலாவது கண்மதிப்பு. இரண்டாவது விலைப்பட்டியல். மூன்றாவதில் பாதி விளம்பரம். எஸ்டிமேட் என்றால் எத்தனை நாள் ஆள்கூலி, எத்தனை லிட்டர் பொருள், எத்தனை மைக்ரான் படலம் என்று சொல்ல வேண்டும். சொல்லாத தாளை வைத்து விலை பேசவும் முடியாது, வேலை முடிந்தபின் குறை சொல்லவும் முடியாது.

மொத்தமாக ஒரு தொகை சொல்லும் பழக்கத்துக்குப் பட்டறைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. இன்ஷூரன்ஸ் விதியும் அதற்குத் துணைபோகிறது. நம் நாட்டு மோட்டார் காப்பீட்டில் பெயின்ட் வேலைக்கான தேய்மானம், பொருளின் விலையில் மட்டும் 50 சதவீதம் கழிக்கப்படும்; கூலியில் கழிப்பதில்லை. பில்லில் பொருள் வேறு கூலி வேறு என்று பிரிக்கவில்லையென்றால், மொத்தத் தொகையில் 25 சதவீதத்தைப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆக, 40,000 ரூபாய் பில் ஒரே தொகையாக இருந்தால் 10,000 ரூபாய் பொருள், அதில் பாதியான 5,000 நம் கையைக் கடிக்கும். அதே பில்லில் பொருள் 16,000 என்று பிரித்து எழுதினால் 8,000 போய்விடும். பிரிக்காமல் இருப்பதே வண்டிக்காரருக்கு லாபம். தேய்மானமே கழிக்காத பம்பர் டு பம்பர் பாலிசி இல்லாதவர்கள் காலம்காலமாக மொத்த பில்லையே விரும்பியதன் காரணம் இதுதான். க்ளெயிம் இல்லாமல் சொந்தக் காசில் அடிக்கும்போதும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டு வருவதுதான் கோளாறு.

விதியில் இருக்கும் அந்த 25 சதவீதம் கவனிக்க வேண்டிய எண். பெயின்ட் வேலையில் முக்கால் பங்கு செலவு பெயின்ட் அல்ல என்று காப்பீட்டுத் துறையே ஒப்புக்கொள்கிறது. அது உண்மையா என்று சோதித்துப் பார்க்கலாம்.

சின்ன ஹாட்ச்பேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியைக் கழித்துவிட்டு கூரை, பானட், இரு பக்கம், பின்கதவு, இரண்டு பம்பர் எல்லாம் கூட்டினால் வெளிப்பரப்பு சுமார் 12 சதுர மீட்டர். மேலே அடிக்கும் கிளியர் கோட் காய்ந்த பிறகு 50 மைக்ரான் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வண்டியின் மேல் உண்மையில் தங்குகிற கிளியர் 600 மில்லிதான். டப்பாவில் இருப்பதில் ஏறத்தாழ பாதி ஆவியாகிவிடும். ஆகவே ஹார்டனர் கலந்த 1.2 லிட்டர் வேண்டும். ஸ்ப்ரே கன்னிலிருந்து கிளம்புவதெல்லாம் தகட்டில் ஒட்டுவதும் இல்லை. குறைந்த அழுத்தத்தில் அடிக்கும் நல்ல எச்.வி.எல்.பி. கன்னில் மூன்றில் இரண்டு பங்கு ஒட்டும். பழைய கன்னில் மூன்றில் ஒரு பங்கு ஒட்டினாலே பெரிது, மிச்சம் பட்டறைச் சுவருக்கும் பெயின்டரின் சட்டைக்கும். முதல் கணக்கில் 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆகும், இரண்டாவதில் மூன்றரை லிட்டரைத் தாண்டும். “கிளியர் எத்தனை லிட்டர் போடுவீங்க?” என்று கேளுங்கள். பழைய கன்னை வைத்துக்கொண்டு ஒரு லிட்டரில் முடித்துவிடுவேன் என்கிறவர், பதினைந்து மைக்ரானுக்கும் குறைவாகப் படலம் போடப்போகிறார் என்று அர்த்தம். பாலிஷ் மெஷினை இரண்டு முறை ஓட்டினால் அது காணாமல் போய்விடும்.

நல்ல கம்பெனி கிளியர் ஹார்டனரோடு லிட்டர் 2,500 ரூபாய் என்று வைத்தால் 5,000. மெட்டாலிக் பேஸ் கோட் மூன்று லிட்டர், 9,000. எபாக்சி பிரைமரும் சர்ஃபேசரும் சேர்த்து 4,000. தின்னர், பட்டி, வாட்டர் பேப்பர், மாஸ்கிங் டேப், ரப்பிங் காம்பவுண்ட் என்று சில்லறையாகப் போவதைக் கூட்டினால் இன்னொரு 7,000. மொத்தம் 25,000. பிராண்டுக்கும் நிறத்துக்கும் தக்கபடி கொஞ்சம் ஏறி இறங்கும். இரண்டு மடங்கு ஆகாது.

மிச்சம் எல்லாம் நேரம். கார்த் தொழிலின் வரலாறே இதற்குச் சாட்சி. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காருக்கு வார்னிஷ் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும்; ஃபேக்டரி முழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும் உடல்கள் வரிசையாக நிற்கும். 1924 மாடல் ஓக்லண்ட் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் ட்யூகோ லாக்கரை அடித்ததும் அது மணிக்கணக்குக்குச் சுருங்கியது. நிறம் நிறமாகக் கார் வந்ததற்கு அந்த வேகமும் ஒரு காரணம். ஆனால் காய்கிற நேரம்தான் சுருங்கியது, தேய்க்கிற நேரம் அப்படியே இருக்கிறது. 80-ஆம் நம்பர் எம்ரியில் துரு சுரண்டி, 180-இல் பட்டியைச் சமன்செய்து, 400-இல் பிரைமரைத் தேய்த்து, 800-இல் பேஸுக்குத் தயார் செய்வதற்குக் குறுக்கு வழி கிடையாது. டிங்கர் ஒருவர், பெயின்டர் ஒருவர், உதவிக்கு இரண்டு பையன்கள். இந்தப் பக்கத்துக் கூலியில் நாலு பேருக்கும் சேர்த்து நாளைக்கு 4,000 என்றால், ஒழுங்கான வேலைக்குப் பத்து நாள். நாற்பதாயிரம்.

இப்போது அந்த முப்பதாயிரத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கால் பங்கு பொருள் என்றால் 7,500. மேலே சொன்ன கிளியர் மட்டுமே 5,000 விழுங்கிவிடும், மிச்சம் 2,500-இல் பேஸும் பிரைமரும் வாங்க முடியாது. கூலிப் பக்கம் பட்டறை வாடகை, கரண்ட் பில், முதலாளியின் பங்கு போக நாலு நாளைக்குத்தான் காணும். பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் நாலு நாள் வேலையை விற்கிறார். விடுபட்ட ஆறு நாளும் வண்டியைப் பார்த்தால் தெரியாது. முதல் வருஷம் தெரியாது.

அந்த ஆறு நாளைக் கீழவாஞ்சூரில் விட்டுவிட முடியுமா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. திருச்சியிலோ ஓசூரிலோ என்றால் ஒருவேளை சமாளித்துவிடலாம். இங்கே கிழக்கே கடல். ஊர் எல்லைக்குள்ளேயே காரைக்கால் துறைமுகம். 2009-இல் இயங்கத் தொடங்கி, கடனில் மூழ்கி, 2023 ஏப்ரலில் 1,485 கோடிக்கு அதானி கைக்குப் போன துறைமுகம். அங்கே இறங்கும் சரக்கில் பெரும்பகுதி நிலக்கரி. வாஞ்சூர்க்காரர்களும் நாகூர்க்காரர்களும் மொட்டைமாடியில் காயப்போட்ட துணியில் கரி படிகிறதென்று வருஷக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள். துணியில் படிவது கதவு திறந்த பட்டறையில் ஈரக் கிளியரின் மேல் படியாதா? விடியற்காலையில், கடற்காற்று கிளம்புவதற்குள் அடித்து முடித்துவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். தூசிக்கு அது சரி. ஆனால் விடியற்காலையில்தான் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும்.

ஈரப்பதக் கணக்கு கொஞ்சம் நுணுக்கமானது. தகட்டின் வெப்பம், பனிபடியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் தொழிலில் பொதுவான விதி. காற்று 30 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருந்தால் 26 டிகிரியில் பனி படியும். நாலு டிகிரி இடைவெளி இருக்கிறது, அடிக்கலாம். ஈரப்பதம் 85-ஐத் தொட்டால் இடைவெளி மூன்றுக்குக் கீழே போய்விடும். தின்னர் ஆவியாகும்போது தகடு இன்னும் குளிரும் என்பதைச் சேர்த்துக்கொண்டால் அதுவும் மிஞ்சாது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே 85 என்பது சாதாரணம். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு குமிழ்விடும். கிளியரில் ஊசி குத்தியதுபோல் துளைகள் விழுவதற்கு அது ஒரு காரணம். அதே ஐசோசயனேட்தான், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு கன் பிடிக்கும் பெயின்டருக்கு ஆஸ்துமாவைக் கொடுப்பதும். துணி அதைத் தடுக்காது, வெளியிலிருந்து காற்று கொடுக்கும் முகமூடி வேண்டும். எந்த எஸ்டிமேட்டிலும் அதற்கு ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

கம்ப்ரஸரும் இதே ஈரக்காற்றைத்தான் இழுக்கிறது. காற்றை அழுத்தினால் ஈரம் தண்ணீராகத் தொட்டியில் தங்கும். பட்டறைக்குள் நுழைந்ததும் தொட்டியின் அடித்திருகைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். துருநிறத்தில் அரை டம்ளர் தண்ணீர் கொட்டினால், அன்றைக்குக் காலையில் வடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஏர் லைனில் ஈரம் பிரிக்கும் வடிகட்டி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

இவை எல்லாவற்றையும்விட இந்தக் கடற்கரைக்கே உரிய விஷயம் ஒன்று உண்டு. வாட்டர் பேப்பர் போடும் தண்ணீர். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. நாக்கில் வைத்தாலே தெரியும், தரையில் கொட்டிக் காயவிட்டால் வெள்ளையாகப் பூக்கும். அந்தத் தண்ணீரை பக்கெட்டில் எடுத்து, ஸ்பாஞ்சை முக்கி முக்கி பிரைமரைத் தேய்க்கிறார்கள். துடைத்த பிறகும் உப்பு தகட்டில் தங்கிவிடும். அதன்மேல் பேஸும் கிளியரும் மூடிய பிறகு, உப்பு மெதுவாகப் படலத்தின் வழியே ஈரத்தை இழுக்கும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துக் கதவின் கீழ்ப்பகுதியில் கடுகு கடுகாகக் கொப்புளம் கிளம்பும். வண்டிக்காரர் பெயின்ட் மட்டம் என்பார், பெயின்டர் தகடு மட்டம் என்பார். இரண்டும் இல்லை. கடைசி இரண்டு கட்டத் தேய்ப்புக்கும் கழுவுதலுக்கும் கேன் தண்ணீர் பத்து வாங்கியிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். ஒரு லட்ச ரூபாய் எஸ்டிமேட்டில் இதைவிட மலிவான வரியும் இல்லை, இதைவிட முக்கியமான வரியும் இல்லை. ஈரம் தொடாமல் தூசி உறிஞ்சும் சாண்டரால் தேய்க்கிற பட்டறை என்றால் இன்னும் நல்லது.

ஸ்டுடியோக்காரர்கள் கூடுதல் காசுக்குக் காட்டும் பெரிய காரணம், பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி வெறும் தகடு வரை போய் அடிப்போம் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, போட்டோவில் இன்னும் நன்றாக இருக்கும். கடலோர வண்டிக்கு இது பெரும்பாலும் கெடுதல் என்பது என் முடிவு. ஃபேக்டரியில் காரின் உடலை அப்படியே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துரு தடுக்கும் முதல் படலத்தை ஏற்றிச் சுடுகிறார்கள். சுமார் 20 மைக்ரான்தான். ஆனால் மடிப்பு, இடுக்கு எல்லாவற்றுக்குள்ளும் போயிருக்கும். எந்த ஊர்ப் பட்டறையாலும் அதைத் திரும்பப் போட முடியாது. நன்றாக இருக்கிற அந்தப் படலத்தைக் காசு கொடுத்துச் சுரண்டிவிட்டு, அதைவிடக் குறைந்த ஒன்றை அதிக விலைக்கு வாங்குவதில் என்ன தரம் இருக்கிறது? துரு பிடித்த இடத்தில் மட்டும், வீல் ஆர்ச்சின் உள்மடிப்பு, கதவின் அடிவிளிம்பு, கண்ணாடிக்கடியில் பீடிங் உட்காரும் ஓரம் என்று இடம் பார்த்துத் தகடு வரை போய், அன்றே எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். அன்றே என்பதை அழுத்திச் சொல்கிறேன். உப்புக்காற்றில் வெறும் தகடு ஓர் இரவு நின்றால் காலையில் மஞ்சள் படிந்திருக்கும். மற்ற இடங்களில் பழைய படலத்தைத் தேய்த்து அதன்மேலேயே கட்டுவதுதான் சரி.

இப்போது கூட்டலாம். பொருள் 25,000. ஆள்கூலி 40,000. கதவை மூடி, காற்றை வடிகட்டி, அடித்த பிறகு 60 டிகிரியில் அரைமணி நேரம் சுடுகிற பூத்துக்கு டீசலும் வாடகையுமாக 8,000. ஆக 73,000. பட்டறைச் செலவும் லாபமும் அதில் கால் பங்கு என்று 18,250 சேர்த்தால் 91,250. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் போட்டால் 1,07,675 ரூபாய். வரிக்கு முந்தைய தொகையில் பொருளின் பங்கு 27 சதவீதம். காப்பீட்டு விதியின் 25 பெரிதாகத் தவறவில்லை. எல்லாம் என் மதிப்பீடுதான், கூலியை ஐந்நூறு கூட்டியோ பேஸை ஒரு லிட்டர் குறைத்தோ நீங்களே மாற்றிப் பார்க்கலாம். எப்படி மாற்றினாலும் தொண்ணூறாயிரத்துக்குக் கீழே இறங்கவோ ஒன்றேகால் லட்சத்துக்கு மேலே ஏறவோ எனக்குக் காரணம் தெரியவில்லை.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி, புதுச்சேரியைச் சேர்ந்த இந்தப் பக்கம் வந்தால் எல்லாம் மலிவு என்று நாகூர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பெட்ரோலுக்கும் இன்னொரு திரவத்துக்கும் அது சரி; இரண்டும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கின்றன. பெயின்ட் உள்ளே இருக்கிறது. 2018 ஜூலையில் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியபோது தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒன்றாகத்தான் இறங்கியது. காரைக்காலில் வாங்கினால் வரி குறைவு என்று எவராவது சொன்னால் அவர் பில் இல்லாமல் விற்கிறார்.

நிறத்தை மாற்றுவது வேறு சங்கதி. ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவு விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. காரைக்காலில் பதிவான பி.ஒய்.-02 வண்டி வாஞ்சூர் சோதனைச் சாவடியில் நிற்கும்போது ஆர்.சி.யில் வெள்ளையும் கண்ணெதிரே கறுப்பும் இருந்தால் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றத்தைப் பதிந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிட வேண்டும். ராணுவப் பச்சை மட்டும் கூடவே கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121 அதைப் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கியிருக்கிறது. நிறம் மாறினால் கதவின் உள்விளிம்பு, டிக்கியின் உட்புறம், பானட்டின் அடிப்பக்கம் எல்லாம் அடிக்க வேண்டும். கைப்பிடி, பீடிங், லைட் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். மூன்று நாள் கூடுதல் வேலை, பொருளும் கூடும், வரியோடு இன்னொரு இருபதாயிரம்.

முத்துநிற மூன்றடுக்கு பெயின்ட்டைக் கடலோரத்தில் எவருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பேஸுக்கும் கிளியருக்கும் நடுவே அரைகுறையாக ஒளி ஊடுருவும் இன்னொரு அடுக்கு வரும். அது எத்தனை கோட் என்பதைப் பொறுத்து நிறமே மாறும். நாளைக்கு நாகூர்க் கந்தூரிக் கூட்டத்தில் ஆட்டோ ஒன்று கதவில் உரசினால் அந்தக் கதவை மட்டும் அடித்துப் பொருத்த முடியாது, ஒரு பக்கம் முழுக்க அடிக்க வேண்டியிருக்கும். ஸ்டுடியோவின் ஒன்றரை லட்சத்தில் பெரும்பங்கு இந்த மாதிரி நிறத்துக்கும், வெறும் தகடு வரை சுரண்டும் அந்த வேண்டாத வேலைக்கும் போகிறது. வேலையில் சுத்தம் இருக்கலாம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த அழகைப் பராமரிக்க வேண்டிய ஊர் இது இல்லை.

ஆக, தீர்ப்பு ஒன்றாக இருக்க முடியாது, வண்டியைப் பொறுத்தது. இரண்டு லட்சத்துக்கு விற்கப்போகிற பத்து வருஷ வண்டிக்கு ஒரு லட்ச ரூபாய் பெயின்ட் அடிப்பது மடமை. அதற்கு அந்த முப்பதாயிரம் போதும். வாங்குகிறவரிடம் புதுசாக அடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு விற்றால் பாவமும் இல்லை. இன்னும் ஐந்தாறு வருஷம் ஓட்டப்போகிற, துரு அதிகம் ஏறாத வண்டிக்கு, பழைய நிறமே போதும் என்கிறவர்களுக்கு சர்வீஸ் சென்டரின் பேனல் கணக்குதான் சரி. பூத் இருக்கிறது, நிறக்குறி எண் தவறாது, வாரன்டி எழுத்தில் கிடைக்கும். கூலி குறைவாகக் காணப்படுவதற்குக் காரணம், கழற்ற வேண்டிய பலவற்றைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடிப்பது. பீடிங்கின் ஓரத்தில் நகத்தால் தடவினால் படியொன்று தட்டுப்படும். அதைச் சொல்லிக் கழற்ற வைக்கலாம். கீழவாஞ்சூரில் வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான்.

கஸ்டம் என்பது மூன்றாவது வகைக்கு: மனசுக்குப் பிடித்த வண்டி, விற்கும் எண்ணமில்லை, நிறம் மாற வேண்டும். அவர்களுக்கு மேலே போட்ட கணக்குதான் அளவுகோல், நிறமாற்றத்தோடு ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி. அதற்கு மேல் கேட்டால் எந்த வேலைக்கு என்று எழுதிக் கேளுங்கள். அறுபதாயிரத்துக்கு முடித்துத் தருகிறேன் என்றால் எந்த வேலை இல்லை என்று கேளுங்கள். பங்குனி முதல் ஆடி வரைக்குள், மதியத்தில் கச்சான் காற்று அடித்து ஈரம் இறங்குகிற மாதங்களாகப் பார்த்து வண்டியை விடுவது நல்லது. மழைக்காலத்தில் பூத் இருந்தால் மட்டும். பணத்தை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் பங்கு பொருள் வாங்க. இரண்டாவது பிரைமர் தேய்த்து முடிந்து, பேஸ் அடிப்பதற்கு முந்தின நாள். அன்றைக்கு நேரில் போய் டியூப்லைட் ஒன்றைத் தகட்டோரம் சாய்த்துப் பிடித்து அலையிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். கடைசிப் பங்கு மைக்ரான் மீட்டர் வைத்த பிறகு. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கருவி அது. ஃபேக்டரி பெயின்ட் 100 முதல் 140 வரை காட்டும். அதன்மேல் ஒழுங்காக அடித்த இடம் 200-லிருந்து 300-க்குள் நிற்கும். 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி கனமாக இருக்கிறது. 150 காட்டினால் வண்டியின் மேல் நிறம் இருக்கிறது, கிளியர் டப்பாவிலேயே இருக்கிறது.